மேல்வீட்டு வெயில்

அத்தியாயம் பதினொன்று

“வாரக் கடைசிக்குள்ள சொல்லிடறேன், கீழ இருக்கேனா மேல இருக்கேனான்னு” என்று மாமனார் ஆப்பரேட்டர் மாடிப்படியின் நடுவில் நின்று சொன்ன இடத்தில்தான் அவரை விட்டிருந்தோம். கீழ்ப்படியில் மூத்த மருமகள். மேல்படியில் இளைய மருமகள். இருவரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவருக்கு மனத்தாங்கல் வராது.

அந்த வாரக் கடைசி இதோ வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை பெரியவள் பள்ளிச் சீருடைகளுக்கு இடுப்புப் பட்டை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டின் முன்னறைதான் அவளுடைய தையற்கடை. பகலிலும் அங்கே குழல்விளக்கு எரியும். எதிர்க் கட்டடம் அவ்வளவு நெருக்கம். அங்கே யாராவது பல் தேய்த்தால் இங்கே நுரை தெரியும். வெயில் அந்தத் தெருவுக்கு வரும், மாடி வீடுகளோடு பேசும், அப்படியே போய்விடும். தரைத்தளத்துக்காரர்களை அது குனிந்து பார்த்ததே இல்லை.

தைக்கிற போதே காலை நிறுத்தி மேல்கூரையைக் கவனிப்பது கொஞ்ச காலமாக அவளுக்கு வழக்கமாகிவிட்டது. மேலே நாற்காலி இழுபடும் சத்தம். அப்புறம் சின்னவள் எண்ணும் குரல், “ஒண்ணு… ரெண்டு… கையை இன்னும் தூக்குங்க மாமா.” அப்புறம் மாமாவின் சிரிப்பு. அந்தச் சிரிப்பு கூரையைத் தாண்டி அவள் தலையில் சுண்ணாம்புத் தூள் போல உதிரும்.

இன்று கூரை அமைதியாக இருந்தது. மாமா கீழேதான், உள்ளறைக் கட்டிலில் படுத்திருந்தார். அதுவே அவளுக்கு ஒரு வெற்றிதான்.

வாலிப வயது முழுவதையும் சினிமாக் கொட்டகையின் இயந்திர அறையில் கழித்தவர் அவர். முதல் காட்சி தொடங்கும் முன் உள்ளே போவார், கடைசிக் காட்சி முடிந்து வெளியே வருவார், பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்குவார். வெயில் என்பது அவருக்குக் கேள்விப்பட்ட ஊர். ஓய்வு பெற்ற பிறகும் பகலில் வெளியே போகிற பழக்கம் வரவில்லை. பெரியவளின் இயந்திரத்துக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து தற்காலிகமாகப் போட்ட ஓட்டுத் தையலைப் பிரித்துக் கொடுப்பார். கூடவே ஏதாவது படத்தின் கதையைச் சொல்வார், எந்த இடத்தில் ரீல் அறுந்தது என்பது உட்பட. அந்த முக்காலிக்கு அப்போது வேறு யாரும் பங்குக்கு வரவில்லை.

நாலு மாதத்துக்கு முன் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கக் குனிந்தார். முதுகெலும்பில் ஓர் எலும்புக் கண்ணி நசுங்கிவிட்டது. ஒரு வாளித் தண்ணீருக்கு! எலும்பு சல்லடை ஆகியிருக்கிறது, உடம்பில் வைட்டமின் டி அடிமட்டத்தில் கிடக்கிறது என்றார்கள் டாக்டர்கள். ஆண்களுக்கு இப்படி வராது என்று நினைத்துக்கொண்டு யாரும் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள் என்றும் சொன்னார்கள். அன்றைக்குப் பிடித்தது இந்த வீட்டில் பனிப்போர். ஏனென்றால் எலும்பு சின்னவளின் தொழில். எலும்பு மருத்துவமனையில் நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லித்தருபவள் அவள். எலும்பு விஷயம் என்றதும் மாமனார் மொத்தமாக அவள் இலாகாவுக்கு மாறிவிட்டார்.

போன வாரம் அவள் கேட்ட கேள்வி இன்னும் பெரியவளின் நெஞ்சில் ஊசி முனை போல நின்றது. “மாமா பேண்ட்டுக்குக் கீழ் மடிப்பை மூணு தடவை ஏத்தித் தைச்சிருக்கீங்களே அக்கா. துணி எப்படி வளரும்? ஆள்தான் குறைஞ்சுட்டு வர்றார்னு தோணவே இல்லையா?”

தோணவில்லை. தைக்கக் கொடுத்தார்; தைத்தாள்.

உள்ளறையிலிருந்து தடால் என்று ஒரு சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தாள். தண்ணீர்ச் செம்பு கீழே உருண்டு கிடந்தது. மாமா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். விடியற்காலையில் நிரப்பி வைத்த செம்பு அது.

“மறுபடியும் தீந்துடுச்சா மாமா?”

“தொண்டை காயுதும்மா.”

மூன்று நாளாக இப்படித்தான். எவ்வளவு குடித்தாலும் தாகம். சாப்பாட்டைக் கண்டால் குமட்டல். வயிறு கல்லாக இறுகிக் கிடந்தது. நேற்று மேல்வீட்டு பால்கனியில் உட்கார்ந்துவிட்டு வந்தபின் இரண்டு முறை வாந்தி. பெரியவளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. வெயிலில் போட்டு வறுத்தெடுத்திருக்கிறாள் மகராசி.

ஒரு கையில் பால் தம்ளரும் மறு கையில் எண்ணெய்த் துளி போல மினுங்கும் சின்ன மாத்திரையுமாக அவள் திரும்பி வந்தாள். மாமா வாயைத் திறந்தார். எப்போதும் அப்படித்தான். எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். ‘கொடுத்த படத்தை ஓட்டுவேன். நல்ல படமா மோசமான படமான்னு பார்க்கறது ஆப்பரேட்டர் வேலை இல்ல’ என்பது அவர் வசனம்.

ஆனால் இன்று விழுங்கிய வேகத்தில் பாலும் மாத்திரையும் வெளியே வந்துவிட்டன. துடைக்கக் குனிந்தவளின் தோளைத் தொட்டு அவர் கேட்டார்:

“இடைவேளை விட்டாச்சா?”

“என்ன மாமா?”

“வெளியில கூட்டமா இருக்கே. லைட்டைப் போடச் சொல்லு.”

துடைத்துக்கொண்டிருந்த துணியை அவள் அங்கேயே போட்டாள். சமையலறைக்குப் போய்க் கரண்டியை எடுத்து மேல்கூரையை இடித்தாள். தன் வாழ்நாளில் சின்னவளை அவள் தானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சின்னவள் ஈரத் தலையோடு இறங்கி வந்தாள். பின்னாலேயே கொழுந்தன், ஒரு கையில் யாரோ ரிப்பேருக்குக் கொடுத்த கைப்பேசியோடு.

“எப்பலேர்ந்து இப்படிப் பேசறார்?”

“இப்பத்தான். நேத்து உன் வீட்டுலேர்ந்து வந்ததுலேர்ந்தே சரியில்ல.”

“என் வீட்டுல பத்து நிமிஷம் உட்கார்ந்தார். உங்க வீட்டுல மீதி நாள் பூரா இருந்தார்.”

“சண்டையை வண்டியில வெச்சுக்கலாம்” என்றான் கொழுந்தன். “அப்பாவைப் பிடிங்க.”

வண்டியில் ஏறியதும் பெரியவள் கைப்பேசியை எடுத்தாள். பெரியவளின் கணவன் லாரியோடு எங்கோ நெடுஞ்சாலையில் இருந்தான். அழைத்தாள், எடுக்கவில்லை.

போனது சின்னவள் வேலை செய்யும் மருத்துவமனைக்கே. வாசலிலேயே பெரியவளுக்குப் பற்றி எரியத் தொடங்கிவிட்டது. காவலாளி, “அட, உங்க மாமனாரா மேடம்?” என்று தானே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். ரத்தம் எடுக்க வந்த பெண், “இவ சொல்லிட்டே இருப்பாளே, மாமா மாமான்னு. அந்த சினிமா மாமா நீங்கதானா?” என்று சிரித்தாள். யாரோ ஒருத்தி பெரியவளிடம் திரும்பி, “நீங்க இவருக்கு யாரு?” என்று கேட்டாள்.

அத்தனை வருஷமாக அவர் துணியைத் துவைத்து, அவர் பல்செட்டைக் கழுவி, அவர் தும்மலை வைத்தே ஜலதோஷமா தூசியா என்று சொல்லத் தெரிந்தவளைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வி.

“மூத்த மருமக” என்றாள்.

“ஓ” என்றாள் அவள். அந்த ‘ஓ’வில் ஒரு கதவு சாத்திக்கொண்டது.

மாமாவுக்கு ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். பெரியவள் கட்டிலின் கால்மாட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சின்னவள் தலைமாட்டில் நின்று அவர் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். கால்மாட்டிலிருந்து பார்த்தால் எல்லாமே தூரமாகத் தெரிகிறது. அந்தக் கை நெற்றியில் போய் வருவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி ஒன்றுதான் இருக்கிறது ஒரு மனுஷனுக்கு.

மதியம் டாக்டரம்மா கையில் ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தார். அதற்குள் மாமாவுக்குக் கொஞ்சம் தெளிந்திருந்தது. கண்ணைத் திறந்து யார் யார் என்று அடையாளம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரத்தத்துல கால்சியம் ரொம்ப ஏறியிருக்கு” என்றார் டாக்டரம்மா. “தாகம், வாந்தி, பேச்சுல தடுமாற்றம், எல்லாம் அதனாலதான். கிட்னிக்கும் சிரமம் குடுத்திருக்கு. டி மாத்திரையை எப்படிக் குடுக்கறீங்க?”

“வாரத்துக்கு ஒண்ணு மேடம்” என்றாள் சின்னவள். “ஞாயித்துக்கிழமை. நானே என் கையால குடுக்கறேன்.”

“அதுக்கு மேல இல்லையே? அது ஒரு வாரத்துக்கான மொத்த சத்தையும் ஒரே உருண்டையில அடைச்ச மாத்திரை. அளவோட இருந்தாத்தான் எலும்புக்கு நல்லது. மிஞ்சினா எலும்புல இருக்கற கால்சியத்தையே உருவி ரத்தத்துல கொட்டிடும்.”

பெரியவளின் காது மடல்கள் சுட்டன.

அவள் மனத்தில் இருந்த கணக்கு மிகவும் எளிமையானது. மாமா ஞாயிற்றுக்கிழமை மேலே போய் மாத்திரை போட்டுக்கொண்டு வந்து, “சின்னவ குடுத்தா, இப்ப முதுகு நிமிருது” என்று ஒரு நாள் சொன்னார். மறுநாளே அவள் அவர் சட்டைப் பையில் கிடந்த காலி அட்டையைத் தெரு முனை மருந்துக் கடையில் காட்டினாள். கடைக்காரர் எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். கால்சியம் மாத்திரையைத் தினமும் கொடுக்கும்போது இதை மட்டும் ஏன் வாரம் ஒன்று? மறதிக்காரர்களுக்காக அப்படி வைத்திருப்பார்கள். அவளுக்கு மறதி கிடையாது. ஞாயிறு சின்னவளுக்கு, மற்ற ஆறு நாளும் தனக்கு. வாரத்தை அப்படிப் பங்கு பிரித்து ஒன்றரை மாதம் ஆகிறது. முதுகு நிமிர்ந்தால் அதில் ஆறு பங்கு தன்னுடையது.

கொழுந்தன் மனைவியின் பக்கம் திரும்பினான். “உன் கையால குடுத்ததுதானே? நல்லா யோசிச்சுப் பாரு. அவசரத்துல போன வாரம் குடுத்ததை மறந்துட்டு…”

“நான் மறக்கலை.”

“வேற யாரு குடுத்தா? எனக்கு எல்லாம் தெரியும், எனக்கு எல்லாம் தெரியும்னு அப்பாவை மேல இழுத்தது நீதானே?”

சின்னவளின் முகம் சுருங்கியது. தான் வேலை செய்யும் இடத்தில், தெரிந்த டாக்டரின் முன்னால், கட்டின புருஷனிடமே அவள் தலைகுனிந்து நின்றாள். பெரியவளின் நெஞ்சில் பயம் இருந்தது. பயத்தின் மேல் வேறு ஒன்று வந்து ஜில்லென்று உட்கார்ந்தது. ஒரு நிமிஷம்தான். ஆனால் அந்த நிமிஷம் நன்றாக இருந்தது. அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“அவளைத் திட்டாதடா” என்றது கட்டிலிலிருந்து ஒரு கரகரத்த குரல்.

எல்லாரும் திரும்பினார்கள்.

“நான்தான். கடையில வாங்கி ரெண்டு மூணு கூடப் போட்டுக்கிட்டேன். சீக்கிரம் சரியாகும்னு பார்த்தேன்.”

கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான். சின்னவள் மட்டும் அசையவில்லை. முதுகு ஒடிந்த நாளிலிருந்து மாமா துணையில்லாமல் வாசற்படி தாண்டியதில்லை. மருந்துக் கடை எந்தப் பக்கம் என்றே அவருக்குத் தெரியாது. அவள் மெல்ல நிமிர்ந்து, தலைமாட்டிலிருந்து கால்மாட்டைப் பார்த்தாள்.

பெரியவள் பையின் வாரை முறுக்கினாள்.

டாக்டரம்மா காகிதத்தை மறுபடி பார்த்தார். “ரெண்டு மூணுக்கெல்லாம் இவ்வளவு ஏறாது. அப்படின்னா வேற காரணம் தேடணும்.” குரலைத் தாழ்த்திச் சின்னவளிடம் சொன்னார். “உனக்குத் தெரியும். எலும்பு மஜ்ஜையில ஏதாவது இருந்தாலும் இப்படிக் காட்டும். இடுப்பெலும்புல ஊசி போட்டு எடுத்துப் பார்த்துடலாம். ஸ்கேனும் எடுக்கணும். டி எவ்வளவு இருக்குன்னு பார்க்கற டெஸ்ட் வர ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம்.”

சின்னவளின் கை நெற்றியிலிருந்து நழுவியது. கண் நிறைந்துவிட்டது. ‘ஏதாவது’ என்ற சொல்லுக்குள் புற்றுநோய் இருக்கிறது என்பது கொழுந்தனுக்கும் புரிந்துவிட்டது. மாமாவுக்கு மட்டும் புரியவில்லை. சொன்ன பொய் எடுபட்டுவிட்டது என்ற திருப்தியில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். சல்லடை எலும்பு. அதில் ஓர் ஊசி.

பெரியவள் எழுந்தாள். மடியிலிருந்த பை கீழே விழுந்தது.

“ரெண்டு மூணு இல்ல” என்றாள். “தினம் ஒண்ணு. ஞாயித்துக்கிழமை தவிர தினம் ஒண்ணு. ஒன்றரை மாசமா. நான்தான் குடுத்தேன்.”

பக்கத்துக் கட்டில்காரர் கூட இருமலை நிறுத்திக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் இல்ல?” என்றார் டாக்டரம்மா, குழப்பமாக.

“ஞாயித்துக்கிழமை அவ முறை.”

டாக்டரம்மா ஒரு மருமகளைப் பார்த்தார், இன்னொரு மருமகளைப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் ஓரகத்தி இருக்க வேண்டும். மேற்கொண்டு அதைப் பற்றிக் கேட்கவில்லை. “கால்சியம் மாத்திரையும் தினமும் குடுத்தீங்களா?”

“குடுத்தேன்.”

“இப்பவாவது சொன்னீங்களே. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா கிட்னி கெட்டிருக்கும்.” எழுதிக்கொண்டே பேசினார். “சரி, ஊசி இப்ப வேண்டாம். டெஸ்ட் முடிவு வரட்டும். ரெண்டு மாத்திரையையும் நிறுத்திடுங்க. இங்கேயே சில நாள் இருக்கட்டும், ட்ரிப்ஸ் ஏத்தணும். ஆனா இது உடனே வடியாது. கொழுப்புல போய்த் தங்கியிருக்கும். மெதுவா, மாசக் கணக்கிலதான் இறங்கும். வீட்டுக்குப் போனப்புறமும் நான் சொல்றவரைக்கும் வெயில்ல உட்கார வைக்காதீங்க. நிழல்லயே இருக்கட்டும்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கொழுந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அண்ணியின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டு, மருந்துச் சீட்டோடு வெளியே நடந்தான். மாமா தூங்கியிருந்தார், அல்லது தூங்குவது போல இருந்தார். ஓரகத்திகள் இருவரும் வெளிநடையில் ஒரே பெஞ்சில், இரண்டு ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள்.

“நான் வேணும்னு பண்ணல” என்றாள் பெரியவள்.

“வேணும்னுதான் பண்ணீங்க. இப்படி ஆகணும்னு பண்ணல. ரெண்டும் வேற வேற அக்கா.”

பெரியவள் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“உங்களுக்காகப் பொய் சொல்றார் பாருங்க” என்றாள் சின்னவள். அழுது முடித்த குரல் அது. “நினைவு தெளிஞ்சதும் முதல்ல வந்தது உங்களைக் காப்பாத்தற பொய். எனக்காக அப்படி ஒண்ணு சொல்லியிருப்பாரா?”

“உன்னைத் திட்டினப்பதானே வாயைத் திறந்தார்? அதுவரைக்கும் சும்மாதான் கிடந்தார். அந்தப் பொய் உனக்குச் சொன்னது.”

“இல்ல. உங்களுக்கு.”

“உனக்குத்தான்.”

அந்தப் பொய்யைத் தனக்கென்று சொந்தம் கொண்டாட இரண்டு பேருக்கும் ஆசை. எதிராளிக்குத்தான் போய்விட்டதோ என்று இரண்டு பேருக்கும் வயிற்றெரிச்சல். ஒரு கிழவர் மூச்சு வாங்கச் சொன்ன ஒரே ஒரு வாக்கியம்.

சின்னவள் வார்டுக் கதவைப் பார்த்துச் சொன்னாள். “வெயில் கூடாதாம்.”

“கேட்டேன்.”

“அப்ப மேல வர்றதுக்கு இருந்த ஒரே காரணமும் போச்சு. கீழ்வீட்டு இருட்டுதான் இனி அவருக்கு மருந்து.” அவள் சிரிக்க முயன்றாள். “நீங்க ஜெயிச்சுட்டீங்க.”

அதைக் கேட்டதும் பெரியவளின் உள்ளே ஓர் எலி துள்ளி ஓடியது. மாமா தன்னோடுதான். முக்காலி, பிரித்த நூல், அறுந்த ரீல் கதை, எல்லாம் திரும்பிவிடும். அவள் அந்த எலியைப் பிடித்து அடக்கினாள், அது தன் கண்ணில் தெரிந்துவிடுமோ என்று பயந்து தரையைப் பார்த்தாள். ட்ரிப்ஸ் குழாயோடு படுத்திருக்கும் மனுஷரை வைத்து இப்படி ஒரு சந்தோஷமா? சீ.

“நான் பத்திரமாப் பார்த்துப்பேன்” என்றாள் மெதுவாக. “நீ சொல்றபடியே. மாத்திரை எதையும் தொட மாட்டேன்.”

“தொட மாட்டீங்க. நான் பக்கத்துலயே இருப்பேன்.”

“பக்கத்துலயேன்னா?”

சின்னவள் எழுந்து துப்பட்டாவைச் சரி செய்துகொண்டாள். கண்ணைத் துடைத்தாள். மறுபடியும் நாலு பேருக்குப் பயிற்சி சொல்கிறவளின் முதுகு அவளுக்கு வந்திருந்தது, ஆணி அடித்தது போல நேராக.

“உள்ளறையில அவர் கட்டிலுக்குப் பக்கத்துல இன்னொரு கட்டில் போட இடம் இருக்கு. நானே அளந்து பார்த்திருக்கேன். மேல்வீட்டைப் பூட்டிடப் போறேன். நாங்க ரெண்டு பேரும் துணிமணியோட கீழ வந்துடறோம்.”

பெரியவளும் எழுந்தாள். “என் வீட்டுக்கா?”

“இல்லக்கா” என்றாள் சின்னவள், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபடி. “மாமா இருக்கற வீட்டுக்கு.”